வாடகைச் சட்டம் நீங்கியபின் பினாங்கு ஜார்ஜ்டவுன்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. நாட்டிலேயே அதனால் அதிகம் பாதிக்கப்பட்ட ஊர் பினாங்கின் ஜார்ஜ்டவுன் (சென்னையின் ஜார்ஜ்டவுன் அல்ல). சட்டத்தின் கீழ் இருந்த கட்டடங்கள் அந்த மாநிலத்தில் மட்டும் 12,000-க்கு மேல். பெரும்பாலானவை ஊரின் பழைய நடுப்பகுதியில் நின்ற கடைவீடுகள்.

சட்டம் நீங்கிய எட்டரை ஆண்டில், 2008 ஜூலை 7 அன்று, அதே பகுதி மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்த இரண்டுக்கும் நடுவிலும் அதற்குப் பிறகும் அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளையும் அவற்றின் பலன்களையும் இங்கே பதிவு செய்கிறேன். கட்டடங்களைக் காப்பாற்றிய வகையில் ஜார்ஜ்டவுன் ஆசியாவில் அரிதான வெற்றி. அந்தக் கட்டடங்களில் இருந்தவர்களைப் பார்த்தால் கதை வேறு. உரிமையாளர்கள், வாடகைதாரர்கள், அதிகாரிகள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எவரும் தனியாளாகச் செய்த வேலை அல்ல இது.

பின்னணி: கடைவீடும் அதன் வாடகையும்

1786-ல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய துறைமுக ஊர் இது. சீனர், தமிழ் முஸ்லிம் வணிகர், செட்டியார், மலாய்க்காரர், ஆச்சேக்காரர், அரபியர் எனப் பலரும் தெருத்தெருவாகக் குடியேறினார்கள். குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் தர்கா. பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்திய கூடங்கள். லெபு பாசார் பக்கம் மளிகை, துணி, பாத்திரக் கடைகள். இன்றைக்கு 'லிட்டில் இந்தியா' என்று பலகை வைத்திருக்கும் இடம் இதுதான்.

கடைவீடு என்பது முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் கட்டடம். கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. வாசலில் அஞ்சடி, அதாவது வரிசையாக எல்லாக் கடைகளுக்கும் பொதுவான கூரை போட்ட நடைபாதை. நடுவே வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் இறங்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர், மரத்தளம், மண் ஓடு.

வாடகைக் கட்டுப்பாடு 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. போருக்குப் பிந்தைய இடத் தட்டுப்பாட்டில் பிறந்த ஏற்பாடு. வாடகை பழைய அளவிலேயே உறைந்துவிட்டது. காலப்போக்கில் அதற்குள்ளே இன்னொரு சந்தை உருவானது. உரிமையாளரிடம் நேரடியாக வாடகைக்கு எடுத்தவர் தலைமை வாடகைதாரர். அவர் மாடியைப் பலகைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். அறை கைமாறும்போது சாவிக்கென்று ஒரு தொகை கைமாறும். உரிமையாளர் சொற்ப வாடகை வாங்க, தலைமை வாடகைதாரர் கூடுதலாகச் சம்பாதித்த இடங்களும் உண்டு. உரிமையாளர்களின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சட்டம் கட்டடங்களுக்குச் செய்ததும் இரண்டு விதம். வாடகை வராத கட்டடத்துக்கு உரிமையாளர் செலவு செய்யவில்லை. ஓடு நழுவினால் தகரம் வைத்து அடைத்தார்கள், உத்தரம் உளுத்தால் முட்டுக் கொடுத்தார்கள். அதே சமயம், ஆட்களைக் கிளப்ப முடியாத கட்டடத்தை இடித்துக் கோபுரம் எழுப்பவும் யாராலும் முடியவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பழைய தெருக்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எழுபதுகளில் ஜார்ஜ்டவுன் பெருமளவு அப்படியே நின்றதற்கு முக்கியக் காரணம் இந்தச் சட்டம்தான். மரபுப் பாதுகாப்புக்காக யாரும் எழுதிய சட்டம் இல்லை அது.

விதிவிலக்கு கொம்தார். 1974-ல் அடிக்கல் நாட்டி, எண்பதுகளின் நடுவில் முடித்த 65 மாடிக் கட்டடம். அதற்காகப் பிராங்கின் பகுதியில் பல தெருக்களின் கடைவீடுகள் தரைமட்டமாயின. மறுவளர்ச்சி எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை, அண்ணாந்து பார்த்தால் தெரிந்தது.

முதல் முடிவு: சட்டத்தை நீக்குவது

1997-ல் நாடாளுமன்றம் நீக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் 1999 கடைசி வரை இடைக்காலம். காரணங்கள் வெளிப்படையானவை. உரிமையாளர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்வது ஒன்று. நகர மையத்தில் முடங்கிக் கிடக்கும் நிலத்தை மறுவளர்ச்சிக்குத் திறந்துவிடுவது இன்னொன்று.

அப்போது கட்டடங்களைக் காக்க என்ன சட்டம் இருந்தது? 1976-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த தனிச் சின்னங்களுக்கானது. ஒரு முழுத் தெருவைக் காக்க அது உதவாது. நகராட்சியிடம் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இருந்தன, ஆனால் மீறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 1993 கிறிஸ்துமஸ் நாளில் நார்தம் சாலையின் பழைய மாளிகை ஒன்று அனுமதி இல்லாமலே இடிக்கப்பட்டது. ஊர் விடுமுறையில் இருந்தது, இடிப்பவர்களுக்கு அது போதுமாக இருந்தது. நாட்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது 2005-ல்தான்.

ஆக, பழைய பூட்டைக் கழற்றியபோது புதிய பூட்டு தயாராக இல்லை. வாடகைதாரர் பக்கமோ பூட்டு என்ற பேச்சே இல்லை. சிங்கப்பூர் இதே வேலையை வேறு வரிசையில் செய்தது. அங்கே வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வேலை 1988-ல் படிப்படியாகத் தொடங்கியது, 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன, சட்டம் முழுதாக நீங்கியது 2001-ல். அங்கேயும் பழைய குடியிருப்பாளர்கள் போய்விட்டார்கள், அதில் சந்தேகமில்லை. கட்டடங்களின் கதியையாவது முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

ஜார்ஜ்டவுனின் கட்டடங்களைக் காப்பாற்றியது தற்செயல். நீக்கச் சட்டம் வந்த அதே 1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. கட்டுமானத்துக்குக் கடன் கிடைக்கவில்லை. இடித்துக் கட்டலாம் என்று காத்திருந்தவர்கள் கையில் காசு இல்லாத நேரத்தில் சட்டம் காலாவதியானது.

கவனித்தவை: 2000 முதல் 2007 வரை

முதலில் வாடகை ஏறியது, அதுவும் ஒரே தாவலில் பல மடங்கு. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. வாடகைதாரர்கள் சங்கமாகத் திரண்டார்கள், போராடினார்கள், பலனில்லை. கீழ்த்தளத்தில் நல்ல வியாபாரம் நடத்தியவர் புதிய வாடகையைக் கொடுத்துத் தாக்குப்பிடித்தார். மாடியில் பலகை அறையில் இருந்த கூலித் தொழிலாளி, வயதான தனியாள், வீட்டிலேயே தொழில் செய்தவர், இவர்கள்தான் முதலில் போனது.

லிட்டில் இந்தியாவில் இது தெளிவாகத் தெரிந்தது. சேலைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை நின்றன. மாடியிலும் பின்கட்டிலும் உட்கார்ந்து வேலை செய்த நகை ஆசாரி, மசாலா அரைத்துக் கொடுத்தவர், பூக்கட்டுபவர் ஆகியோருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. நகை விற்கும் கடை ரோட்டோரம் இருக்கும், நகை செய்பவர் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இருப்பார் என்ற நிலை. பிற தெருக்களில் சொங்கோக் தொப்பி தைப்பவர், ஊதுவத்தி செய்பவர், பிரம்பு முடைபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர் ஆகியோருக்கும் இதேதான்.

எல்லாப் பழியையும் நீக்கச் சட்டத்தின் மேல் போடுவதும் சரியில்லை. 1972-ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது முதலே இளையவர்கள் தொழிற்சாலை வேலைக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பலகை அறையில் பிள்ளைகளை வளர்க்க யாரும் ஆசைப்படவில்லை. ஆனால் தானாக மெல்லக் குறைந்துகொண்டிருந்ததைச் சட்டம் ஒரே நேரத்தில் மொத்தமாகக் காலி செய்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் அன்றைய நிலையைப் புரிந்துகொள்ள முடியாது.

காலியான வீடுகளுக்கு என்ன ஆனது? வாடகைக்கு ஆள் இல்லை, விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. பலர் பறவைகளை வைத்தார்கள். உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூடு சீனச் சமையலில் தங்கத்துக்கு நிகர். ஜன்னலைச் செங்கல்லால் அடைத்து, சின்ன ஓட்டை மட்டும் விட்டு, உள்ளே ஈரம் குறையாமல் தண்ணீர் தெளித்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவருக்கும் மர உத்தரத்துக்கும் ஓயாத ஈரத்தைவிடக் கேடு இல்லை. பக்கத்து வீட்டில் குடியிருப்பவருக்கு நாள் முழுக்கக் குருவிச் சத்தம், எச்சம், கொசு பயம். உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் இதை நிறுத்த 2013 கடைசி வரை பிடித்தது.

குடியிருப்பவர் போன வீட்டில் அவசரமாகச் செய்த பழுதுபார்ப்பும் சேதம்தான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடை கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறும். பூச்சு உதிர்கிறதே என்று அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்த உப்புப் பொரிவு ஓரிரு மழைக்காலத்தில் தோள் உயரத்துக்கு வரும், சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் கொப்புளம். புதுசாகத் தெரியும் வீடுதான் பல நேரம் மோசமான நிலையில் இருந்தது.

சரியாகச் செய்யவும் முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு கண்ணெதிரே இருந்தது. லீத் தெருவின் சியோங் ஃபாட் ஸே மாளிகையை 1989-ல் பாதுகாப்பில் ஈடுபாடுள்ள ஒரு குழு வாங்கிப் புதுப்பித்தது. சுண்ணாம்போடு அவுரி நீலம் கலந்து பூசியதால் சுவரும் மூச்சுவிட்டது. 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. அது ஹோட்டலாகவும் நடந்தது. பின்னால் வந்த பலர் அதில் கவனித்தது சுண்ணாம்பை அல்ல, ஹோட்டலை.

இரண்டாவது முடிவு: உலகப் பட்டியல்

பினாங்கின் மரபுக் காப்பு அமைப்பினரும் ஆய்வாளர்களும் வெளியுலகத்தின் கவனத்தைத் தேடினார்கள். உள்ளூர்ச் சட்டம் காப்பாற்றாத இடத்தை உலக அங்கீகாரமாவது காப்பாற்றும் என்ற கணக்கு. 2000-லும் 2002-லும் உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இடம்பெற்றது. மாநில, மத்திய அரசுகளும் சுற்றுலா வரவை எண்ணி ஒத்துழைத்தன. இழப்புகள் அப்போதும் நிற்கவில்லை. 2006-ல் கடலோரத்தில் மரக்கால்களின் மேல் நின்ற குலக் குடியிருப்புகளில் ஒன்றான கோய் ஜெட்டி இடிக்கப்பட்டது.

2008-ல் பட்டியலில் ஏறியபோது வரையறுத்த மையப்பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப்பகுதி 150.04 ஹெக்டேர். பல பண்பாடுகள் இன்றும் உயிரோடு கலந்து வாழும் வணிக ஊர் என்பது தகுதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கையில் இருந்த விதிகளோ உயரம், முகப்பு, கூரை, நிறம் பற்றியவை. ஊரில் வாழ்பவர்களைத் தக்கவைக்க எந்த விதியும் இல்லை.

விதிகளுக்கு முதல் சோதனை உடனே வந்தது. பட்டியலுக்கு முன்பே அனுமதி வாங்கியிருந்த நான்கு உயர ஹோட்டல் திட்டங்கள் 18 மீட்டர் உயர வரம்பை மீறின. 2009-ல் யுனெஸ்கோ குழு நேரில் வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு ஒரு பாலத்துக்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்ததால், ஜார்ஜ்டவுனையும் நீக்கலாம் என்ற மிரட்டல் வெறும் வார்த்தையாகத் தெரியவில்லை. பேச்சுவார்த்தையில் உயரங்கள் குறைக்கப்பட்டன. கட்டடப் பாதுகாப்பின் பக்கம் நின்று பார்த்தால் இதுவே ஜார்ஜ்டவுனின் பெரிய வெற்றி. அதன் பிறகு பழைய தெருவில் கோபுரம் எழுப்பலாம் என்று நிலம் வாங்குவது அர்த்தமற்றதாயிற்று.

2009-ல் அரசு முதலீட்டு நிறுவனம் ஒன்று 'திங்க் சிட்டி' அமைப்பைத் தொடங்கி, பழுதுபார்க்க விரும்புவோருக்கு மானியம் தந்தது. ஒதுக்கீடு 2 கோடி ரிங்கிட். சுண்ணாம்பு வேலையும் ஓடு வேலையும் மறந்துபோகாமல் இருந்ததில் இதற்குப் பங்குண்டு. நிர்வாகத்துக்கென உலகப் பாரம்பரிய அலுவலகமும் ஏற்பட்டது. இந்தப் பகுதிக்கான திட்டமிடல் விதிகளைத் தொகுத்த சிறப்புப் பகுதித் திட்டம் 2016 செப்டம்பரில்தான் அரசிதழில் வந்தது. பட்டியலில் ஏறி எட்டாண்டு கழித்து.

பின் விளைவு

அந்த எட்டாண்டில் சந்தை காத்திருக்கவில்லை. இடிக்க முடியாது, உயர்த்த முடியாது, சரி, உள்ளே இருப்பதை மாற்றலாம். கடைவீடுகள் சிறு ஹோட்டல்களாகவும் காப்பிக்கடைகளாகவும் அருங்காட்சியகம் என்ற பெயரில் படம் எடுக்கும் இடங்களாகவும் ஆயின. 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக ஆர்மீனியத் தெருவில் ஒரு லித்துவேனியக் கலைஞர் சுவரில் வரைந்த, சைக்கிளில் போகும் குழந்தைகளின் முன்னால் வரிசை நின்றது. ஓவியம் இருந்த தெருக்களில் வியாபாரத்தின் தன்மையே மாறிப்போனது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஒரே தெருவில் வரிசையாக வாங்கினார்கள். வரிசையாக வாங்கும்போது வரிசையாகக் காலி செய்யவும் முடியும்.

திங்க் சிட்டி எடுத்த கணக்கெடுப்பில் உலகப் பாரம்பரியப் பகுதியில் 2009-ல் வசித்தவர்கள் சுமார் 10,000 பேர், 2013-ல் சுமார் 9,400. நான்கே ஆண்டில் இந்தக் குறைவு. இதை வாடகைச் சட்டம் நீங்கியதால் வந்த முதல் அலையோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. இது பட்டியல் கொண்டுவந்த இரண்டாம் அலை. முதல் அலையில் கட்டடம் காலியாகி நின்றது, இரண்டாம் அலையில் கட்டடம் நிரம்பியது, விருந்தினர்களால்.

இந்த இரண்டு அலையிலும் அசையாதவர்கள் யார் என்று பார்ப்பது பயனுள்ளது. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் வீடு அப்படியே இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கிருந்துதான் வெள்ளித் தேர் இன்றும் தண்ணீர்மலைப் பக்கம் கிளம்புகிறது. 1894 முதல் ஓடும் தேர். சீனக் குலச் சங்கங்களின் வீடுகளும் அசையவில்லை. பள்ளிவாசலும் கோயிலும் இருக்கும் இடத்திலேயே. இவர்கள் எல்லாருக்கும் இடம் சொந்தம். தேர் இருக்கிறது, அது போகும் வழியில் மாடி ஜன்னலிலிருந்து தீபம் காட்டக் குடும்பங்கள் குறைந்துவிட்டன.

மாற்ற வேண்டியவை

வரிசையைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். பகுதிப் பாதுகாப்பு, பிறகு பழுதுபார்ப்பு மானியம், அதன் பிறகு வாடகைத் தளர்வு. தளர்வும் ஒரே தேதியில் இல்லாமல், தெருத்தெருவாக, வாடகை ஆண்டுக்கு இவ்வளவு என்று ஏறும்படி. உரிமையாளருக்கு நியாயம் செய்ய ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிடத் தேவை இருக்கவில்லை.

இரண்டாவது மானியம். பொதுப்பணத்தில் கூரை மாற்றிய உரிமையாளர் மறு ஆண்டே வாடகைதாரரை மாற்றத் தடையில்லை என்றால், அந்தப் பணம் அவரைக் கிளப்புவதற்கான செலவாகவும் ஆகிவிடுகிறது. மானியத்துக்கு ஈடாக, ஏற்கெனவே அங்கே இருக்கும் குடித்தனத்துக்கோ தொழிலுக்கோ பத்தாண்டு குத்தகை என்று கையெழுத்து வாங்கலாம். சந்தை விலைக்கே விற்க நினைப்பவர் மானியம் வேண்டாம் என்று போகட்டும், அதிலும் தவறில்லை.

பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். மாடிக் குடியிருப்பை ஹோட்டல் அறையாக்குவதற்கும் ஜன்னல் சட்டத்தை மாற்றுவதற்கும் ஒரே கண்டிப்பு வேண்டும். முதல் பத்தாண்டில் ஜன்னலுக்கு இருந்த கண்டிப்பு மாடிக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வாடகைச் சட்டம் மத்திய அரசின் கையில், திட்டமிடல் மாநிலத்தின் கையில். ஆகவே பினாங்கு நினைத்தாலும் தனியாகப் பழைய கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அதன் உளுத்த உத்தரங்களை எல்லாரும் பார்த்தாயிற்று. மாநிலத்தால் முடிந்தது வேறு. நடுப்பகுதியின் கடைவீடுகளில் கணிசமானவை குலச் சங்கங்களிடமும் கோயில், பள்ளிவாசல் அறக்கட்டளைகளிடமும் இருக்கின்றன. அவர்களுக்கு அடுத்த காலாண்டு லாபக் கணக்கு இல்லை. நூறு தனி உரிமையாளர்களிடம் அலைவதைவிட, ஒரு தெருவில் இருபது கதவு வைத்திருக்கும் ஓர் அறங்காவலர் குழுவிடம் உட்கார்ந்து பேசினால் ஒரே குத்தகை மாதிரியை இருபது வீட்டுக்கும் போடலாம். வேலையை அங்கிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.